கழித்தல்

பகாவ் எல்லையில் செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் என் வேலை.
பழக்குலையோடு லோரி ஏறும்: ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும்: இன்னோர் எண்.
பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துச்
சீட்டில் முத்திரை குத்துவேன்.
பதினோரு வருடம்.

வீட்டில் கூட இருந்த சசிரேகா
ஜொகூருக்கு வேலை மாறிப் போகும்போது
வாடகை பாக்கிக்குப் பதில்
ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுப் போனாள்.
உள்ளே மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி,
சாணெட்டு நீளத்தில் ஒரு சிறுத்தைப் பல்லி.
மிளகு என்று பேர் வைத்தது நான்தான்.

இது சுவர் ஏறாது. விரலில் பிடிப்பு இல்லை.
உச்சுக் கொட்டிச் சகுனம் சொல்லாது.
ஆனால் இமை உண்டு;
தூங்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள்ளும்.
இரை பார்த்தால் வால் நுனி மட்டும்
தனி உயிர்போல் நெளியும்,
பிறகு பாய்ச்சல், பிறகு உதட்டை நக்கல்.

கடைத்தெருவில் கம்பளம் விற்கும் நியாஸ் குல்
தவணைக் காசுக்கு வந்தவர்
தொட்டியைப் பார்த்து வாசலுக்கே பின்வாங்கினார்.
"எங்கள் மலைப்பக்கத்துப் பிராணி.
மூச்சுப் பட்டாலே சாவு என்பார்கள்.
சின்ன வயதில் கல்லால் அடித்தே கொன்றிருக்கிறேன்."
எல்லாம் மலாயில்.
உங்கள் பக்கம் தரை எப்படி என்று கேட்டேன்.
கல், இறுகிய மண் என்றார்.
நான் மணல் என்று கேட்டுக்கொண்டேன்.

செர்த்திங் ஆற்றோரம் அள்ளி, அலசி,
மூன்று நாள் வெயிலில் காயவைத்து
அதன் ஊரையே கொண்டுவந்து பரப்பிவிட்ட பெருமையில்
ஞாயிறுதோறும் சமையல் தராசில் நிறுத்தேன்.
ஐம்பத்திரண்டு கிராம்.
அடுத்த ஞாயிறும் ஐம்பத்திரண்டு.
வால் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது.
கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும் என்று தெரியும்.
தெரிந்தும்,
எண் மாறவில்லையே என்று இருந்துவிட்டேன்.

சிரம்பானில் டாக்டர் ஃபரீஹா
எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி
"தரையில் என்ன போடுகிறீர்கள்?" என்றார்.
முதுகெலும்பின் கீழே
உப்பு மூட்டைபோல் ஒரு வெண்மை.
சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால்
மணலைத் தேடித் தேடியே தின்னுமாம்.

குலைக்கடியில் மணல் மூட்டை ஒளித்து வந்த
ஆறு லோரிகளை
நான் பிடித்திருக்கிறேன்.

மணலைக் கொட்டிவிட்டுக் காகிதம் விரித்தேன்.
வெதுவெதுத் தண்ணீர், வயிறு நனையும் ஆழம்,
நாளைக்குப் பத்து நிமிடம்.
சூட்டுப்பாய் ஒரு பக்கத்துக்கு மட்டும்,
வேண்டாதபோது தள்ளிப் படுக்க மறுபக்கம் வேண்டும்.
தேறியபின் போட வாங்கிய சில்வண்டுகளுக்குத்
திருநீறுபோல் சுண்ணாம்புத்தூள்.
ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப்பாசி:
ஊரே நனைந்து கிடந்தாலும்
இதற்கு ஈரம் ஒரு டப்பா அளவு போதும், தோல் உரிக்க.
உரிந்த தோல் விரல் நுனியில் மோதிரமாய் இறுகியிருந்ததைப்
பஞ்சால் நனைத்து நனைத்து எடுத்தேன்.
அது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடிக்கொண்டது.

தவணை தீர்ந்த பிறகும் நியாஸ் குல் வந்தார்.
கையில் ஒரு தட்டைக் கல்.
கழுவித் துடைத்திருந்தார்.
சூட்டுப்பாய் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டுத்
தள்ளி நின்றே பார்த்தார்.

ஐந்தாம் நாள் விடியலில்
வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்டேன்:
காகிதத்தின் மேல் கழித்திருந்தது.
கறுப்பு, ஓரத்தில் வெள்ளை,
நடுவே செர்த்திங் ஆறு.
தராசை எடுத்தேன். நாற்பத்தேழு.
பழைய எண்ணிலிருந்து கழித்து
நாள்காட்டியில் எழுதினேன்: ஐந்து கிராம், என்னுடையது.

ஆலை வாசலில் நாலு லோரி நின்று ஹாரன் அடித்தன.
"என்னக்கா இன்னைக்கு லேட்டு?"
வீட்டில் ஒரு லோடு இறங்கியது என்றேன்.