விமானம் விழாத படம்

ஐந்து ரோட்டுப் பக்கம், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்
விமானமே ஏறாத ஏழு பேர்
விமானத்துக்குப் படம் தயார் செய்கிறோம்.

முன்சீட்டின் முதுகில் ஓடுகிற படம்.
அதில் விமானம் விழக்கூடாது.
இறக்கையில் தீ ஆகாது, கடத்தல் ஆகாது,
குலுங்கும்போது ஜெபிக்கிற கிழவரும் ஆகாது.
வெட்டு. வெட்டிய தழும்பு தெரியாமல் ஒட்டு.
பிறகு பூட்டு.
சாவியில் பாதி எழுத்து எனக்கு,
பாதி முதலாளி செங்கோட்டுவேலுக்கு.

கடைசி வேலை என்னுடையது:
பிரதிக்குப் பிரதி ஓர் அடையாளம்.
நாற்பத்தொன்றாம் நிமிடம்
கதாநாயகி கதவைச் சாத்தும்போது
சுவர் விளக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் மங்கும்.
எவ்வளவு மங்குகிறதோ அதுதான் எண்.
முந்நூறு பேர் பார்ப்பார்கள்,
ஒருவர்கூடப் பார்க்கமாட்டார்கள்.

தரணிபதி எங்களிடமிருந்து பிரிந்தது போன ஆடியில்.
முந்தின நாள் சாயங்காலம்கூட
அவரும் முதலாளியும் ஒரே தட்டில் தட்டுவடை செட் தின்றார்கள்,
காசு நான்தான் கொடுப்பேன் என்று சண்டையும் போட்டார்கள்.
ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது.
பாதி விலைக்கு எழுதிக் கொடுத்தார்.
வளைகுடா விமானக் கம்பெனி போயிற்று,
நம் ஆட்கள் நாலு பேர் போனார்கள்,
கையிருப்புப் படங்களையும் அவரிடம் ஒப்படைக்கச் சொல்லி
மின்னஞ்சல் வந்தது.
ஒப்படைத்தோம். பதினேழாம் எண்.

சனிக்கிழமை ஏற்காட்டுக்குக் கடைசி பஸ்.
அடிவாரம் தாண்டியதும் சிக்னல் செத்தது.
பக்கத்து சீட்டுப் பையன் கவலைப்படவில்லை,
படத்தை முன்பே இறக்கி வைத்திருந்தான்.
இன்னும் தியேட்டருக்கே வராத படம்.
நாயகன் அழுதுகொண்டே விமானம் ஏறினான்,
அடுத்த காட்சியில் கால்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.
"டேய், நடுவுல என்னமோ காணோம்டா."
காணாமல் போனது என்னவென்று
அந்தப் பஸ்ஸில் எனக்கு மட்டும் தெரியும்.

தம்பி, கொஞ்சம் பின்னால தள்ளேன்.
பாட்டுக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்துத் தள்ளினான்.
பதினோராவது கொண்டை ஊசி,
டிரைவர் ஒடித்த ஒடிப்பில்
என் தோள் அவன் மேல் சாய்ந்தது.
கதவு சாத்தியது.
விளக்கு மங்கவில்லை.

இன்னொரு தடவை, தம்பி.

மங்கவேயில்லை.

அடையாளமில்லாத பிரதி ஒன்றே ஒன்றுதான் உண்டு.
சோதனைக்கு வைத்தது. எண் பூஜ்யம்.
எங்கள் ஆபீஸ் இரும்பு அலமாரியில், இரண்டாம் தட்டில்.
பாதிச் சாவியை நான் யாருக்கும் சொன்னதில்லை.
போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது
போனில் கேட்டார், ஒருவருக்குச் சொன்னேன்.

மேலே ஏற ஏறக் காது அடைத்தது.
விமானத்திலும் இப்படித்தான் அடைக்குமாம்.

திங்கட்கிழமை கடிதம் தயாராக இருந்தது.
'கசிந்தது பதினேழாம் எண் பிரதியே என்று
தொழில்நுட்பப் பரிசோதனையில் உறுதியாகிறது.'
கீழே என் பெயருக்கு இடம்.
"நீ சொன்னா மறுபேச்சு இல்ல ஜெசிந்தா.
அந்த கான்ட்ராக்ட் திரும்பி வந்தா
ரெண்டு மாச பாக்கியும் சேத்துத் தர்றேன்."
என்னைப் பார்க்காமல் பேனா மூடியைப் பார்த்துப் பேசினார்.
கீழ்மாடியில் யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டேன்.
நிதானமாக, தமிழில், முழுப் பெயர்.
நடுவில் இருக்கவேண்டிய புள்ளியை மட்டும் வைக்கவில்லை.
ஜெசிநதா.
அப்படி ஒருத்தி இந்த ஊரில் இல்லை.

அவர் மை காய ஊதினார்,
மடித்து உறையில் போட்டார்.