பழுப்பு வாரம்

வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு.
அடுப்படியில் வைக்காதே, ஆவி படும்
என்றார் ஜெயக்கொடி நர்ஸ்.
நான் வைத்தது கண்ணாடிக்குப் பின்னால்.
இரவு ஒன்பது மணி,
மூணாறு தலைப்பில் அவர்
ஷட்டர் அளவைப் பார்த்து
நோட்டில் எழுதும் நேரம்.
அவருக்குக் கன அடி.
எனக்கு ஒரு மாத்திரை.

முதல் மாதம் கணக்கே இல்லை.
பத்தாம் மாத்திரையில் ஒரு சொட்டு,
பதினான்கில் இரண்டு.
நடவு வயலில் குனிந்திருந்தபோது
உள்பாவாடையில் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை.
புது ஷட்டர் மாட்டினால்
ரப்பர் படியும்வரை ஒழுகும்தான் என்று
சிரித்தார் வைரக்கண்ணு.
நான் சிரிக்கவில்லை.
கறையைக் கசக்கியது நான்.

மூன்று அட்டை போகட்டும் என்றார் நர்ஸ்.
போயிற்று.
நான்காவதில்,
மூன்றாம் பழுப்பை விழுங்கிய மறுநாள் காலை
சொல்லிவைத்தது போல் வந்தது.
மூன்றே நாள்.
முன்பெல்லாம் ஏழு.
அடிவயிற்றை நடவுக்கயிறு கட்டி இழுக்கும்,
இரண்டாம் நாள் வரப்பில் உட்கார்ந்துவிடுவேன்,
பாதிக் கூலி போகும்.
இப்போது நான்கு துணி.
அதிலும் ஒன்று சும்மா, பயத்துக்கு.

வலி போனதில் சந்தோஷம்தான்.
ஆனால் ஏழு நாள் ரத்தம்
மூன்று நாளானால்
மிச்சம் எங்கே?
உள்ளேயே தங்கிக் கட்டியாகும்டி என்றாள்
நாற்றுமுடி சுமந்துகொண்டே அஞ்சம்மாள்.
நம்பினேன். லஸ்கர் பெண்டாட்டி அல்லவா.
பலகையை இறக்கினால்
தண்ணீர் காணாமலா போகிறது?
பின்னால் நின்று முட்டும்.
கடைமடைக்காரர்கள் வந்து கத்துவார்கள்:
எங்க தண்ணி எங்கய்யா?
ராத்திரி படுத்தால்
என் வயிற்றுக்குள்ளும் யாரோ அதையே கேட்டார்கள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்
மூடிக்கிடந்த அரைமணி நேரத்தில்
மன்னார்குடி பஸ்ஸில்
நர்ஸ் எனக்குப் பக்கத்து சீட்.
மெதுவாகக் கேட்டேன்.
அவர் குரலைத் தாழ்த்தவில்லை.
"தேங்குறதுக்கு அங்க ஒண்ணும் இல்லம்மா.
மாசாமாசம் பிள்ளைக்குன்னு
மெத்தை போட்டு வைக்கும் கர்ப்பப்பை.
பிள்ளை வராட்டி சுருட்டி வெளியே தள்ளும்.
மாத்திரை அந்த மெத்தையைத் தடிக்கவே விடாது.
மெல்லிசுப் பாய்தான்.
உதற என்ன இருக்கு?"
முன்சீட்டுக்காரர்
வராத ரயிலை உற்றுப் பார்த்தார்.
பழுப்பு எதுக்கு என்றேன்.
"இரும்புச்சத்து.
வெள்ளையை நிறுத்துறோமில்ல,
அந்த இடைவெளியில கொஞ்சம் வரும்.
பழைய கணக்குல சேர்க்காதே அதை."

அன்றிரவு அவரிடம் சொன்னேன்:
உங்க ஷட்டர் உதாரணம் தப்பு.
உள்ளே ஆறே ஏறலையாம்.
நோட்டை மூடி யோசித்தார்.
"அப்ப, அணைக்கு மேலேயே மழை இல்லைன்னு வச்சுக்க..."
வேற உதாரணம் தேடாதீங்க என்றேன்.
விளக்கை அணைத்தோம்.

ஏழாம் அட்டையின் பழுப்பு வாரம்
வெறும் வாரமாகப் போனது.
ஒரு துளிகூட இல்லை.
ஒருநாளும் தவறவிடாதவள் நான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவிலும்
விழுங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.
நர்ஸிடம் கேட்கக் கூச்சம்.
மெடிக்கலில் கிட் வாங்கினேன்.
பேப்பரில் சுற்றி,
அதற்கு மேல் கறுப்புக் கவர் போட்டு,
வெடிகுண்டு போல் நீட்டினான் பையன்.

விடிகாலை, கொல்லைப் பக்கம்.
ஒரு கோடு.
ஒன்றே ஒன்று.
சில மாசம் வராமலும் இருக்கும் என்று
நர்ஸ் முன்பே சொன்னதுதான்.
இரண்டு பெற்றவள், மூன்றாவது வேண்டாதவள்,
அந்த ஒற்றைக் கோட்டை
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து
இரண்டாவதைத் தேடினேனே,
அது பயமா?
பயம் மட்டும்தானா?

தலைப்பில் இன்று கோரையாற்றுக்கு முறை.
அவர் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.
குச்சியைத் தாளில் சுருட்டி எறிந்தேன்.
ராத்திரி ஒன்பதுக்குப்
புது அட்டையின் முதுகை அழுத்தினேன்.
வெள்ளித்தாள் கிழிந்தது.
வெள்ளை, ஒன்று.