ஒன்பதாம் நம்பர் மலை

எறும்புக்குத்தான் முதலில் தெரிந்தது.
நிரைக்குள் நான் ஒதுங்கி எழுந்த இடத்தில்
மறுநாள் காலை ஒரு கறுப்புக் கோடு,
தேயிலைத் தூரிலிருந்து கல்லுக்கு,
கல்லிலிருந்து ஈரம் காய்ந்த மண்ணுக்கு.
ஒன்பதாம் நம்பர் மலையில் கக்கூஸ் கிடையாது.
படங்கை விரித்து மறைத்துப் பிடிக்க
இன்பராணி இருக்கிறாள், அவ்வளவுதான்.

புது மாத்திரை. மஞ்சள். சுண்டுவிரல் நகத்தளவு.
"சர்க்கரையை ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளிடும்,
வெயிட்டும் குறையும், நல்ல மருந்தும்மா"
என்றார் பந்தலூர் டாக்டர்.
நல்ல மருந்துதான், பொய் சொல்லக் கூடாது.
முந்நூற்றுப் பத்து நூற்று நாற்பதுக்கு இறங்கியது.
ரவிக்கையில் இரண்டு தையல் பிடித்தேன்.
மோதிரம் விரலில் நிற்காமல்
கொழுந்தோடு கொழுந்தாகச் சாக்கில் விழுந்து
ஃபாக்டரிக்குப் போய்விட்டது.
யார் வீட்டு டிகாஷனிலோ
என் கல்யாணம் கொதிக்கட்டும்.

தராசைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை
"இன்னிக்கு மூணு கிலோ கம்மி" என்று முகம் சுளிக்கிறார்.
என்னைப் பார்த்து
"ஆளே பாதியாயிட்டே, அழகாத்தான் இருக்கே" என்கிறார்.
இரண்டு எடையும் ஒரே வாயிலிருந்து.

மூன்றாம் வாரம் ஆரம்பித்தது.
எங்கே என்று கேட்டால்
அம்மா அதற்குச் சொல்லிக்கொடுத்த பேர் 'கீழே'.
அதற்கு மேல் பேர் தெரியாமலே
இரண்டு பிள்ளை பெற்றேன்.

அரிப்பு.
கை இரண்டும் கொழுந்தில், நினைப்பு முழுக்க அங்கே.
தொடை உரசும், வேர்வை உப்பு இறங்கும்,
பால் திரிந்த மாதிரி ஒரு வெள்ளை.
மாசி மாதம். லயத்துக்குத் தண்ணீர்
இரண்டு நாளைக்கு ஒரு முறை.
வீட்டில் நாலு பேர், குடம் ஆறு.
கழுவினால் தேவலை என்றிருக்கும்.
எந்தக் குடத்தில் கை வைப்பது?

நான் என்னவோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.
அப்புறம், அவர் செய்துவிட்டாரோ என்று.
மாதம் ஒருதரம் திருப்பூரிலிருந்து வருகிற மனுஷன்.
இரண்டு ராத்திரி அவர் முதுகைப் பார்த்தபடி
தேதிகளைக் கூட்டிக் கழித்தேன்.

"வேற ஏதும் தொந்தரவு?" டாக்டர் கேட்டார்.
பக்கத்தில் அவர். பின்னால் பதினேழு பேர் வரிசை.
"தலை சுத்துது சார்."
தலைக்கு ஒரு மாத்திரை எழுதினார்.
அதையும் வாங்கிக்கொண்டேன்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் புதுப் பெண்,
எருமாடு பக்கத்து சுஹறா.
சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்து
சில்லறை கேட்கிற தொனியில் கேட்டாள்:
"சொறிச்சில் உண்டோ, சேச்சி?"

ஒரே சொல். அதுவும் என் பாஷையில் இல்லை.
அதனால்தானோ என்னவோ
ஆமாம் என்று வந்துவிட்டது.

"மருந்தோட வேலை அது. உங்க தப்பில்ல.
நீங்களா நிறுத்தாதீங்க.
லேடி டாக்டர் வியாழக்கிழமை வருவாங்க."
வெளியே அவர், "என்னவாம்?"
"சில்லறை இல்லையாம்" என்றேன்.

மறுநாள் இன்பராணியிடம் சொன்னேன்.
கிள்ளுவதை நிறுத்தாமல்
"எனக்கும்தான்" என்றாள்.
ஆறு மாதமாக எனக்குப் படங்கு பிடித்தவள்!
மேல் நிரையிலிருந்து செல்லக்கிளி அக்கா,
அவளுக்கு மட்டும் அப்படி ஒரு காது,
"மஞ்சளா? சின்னதா?" என்று குனிந்தாள்.

வியாழக்கிழமை மூன்று பேரும் லீவு கேட்டோம்.
"ஒரே நாள்ல மூணு பேருக்கும் அப்படி என்ன வியாதி?"
கணக்கப்பிள்ளை பேனா மூடியைத் திறந்து காத்திருந்தார்.
சொன்னேன்.
இந்தத் தடவை தமிழில், பேர் வைத்தே சொன்னேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அவருக்குத் தெரியவில்லை.

எட்டேகால் பஸ்ஸுக்கு நடந்தோம்,
மூவரும், கொஞ்சம் அகட்டித்தான்.