என்ன நட்சத்திரம்

பான் நகரத்து நுஸ்ஆலேயில் மழை.
இரவு இரண்டு நாற்பது.
தரைக்கடியில் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.
கொக்கியில் யாரோ மறந்துபோன கறுப்புக் குடை.
நான் நனைந்தபடி வந்தவள்.

புரோட்டானைத் தட்டினால் திடுக்கிட்டு எழும்.
எழுந்தது யாரென்று கேட்பதற்குள்
ஒரு பையானை உதறிவிட்டுப் பழையபடி புரோட்டான்.
நொடியில் கோடியில் ஒன்று,
அதில் கோடியில் ஒன்று,
அதிலும் கோடியில் ஒன்று,
அதை ஆயிரமாய்ப் பிளந்தால் சில துணுக்கு.
அவ்வளவுதான் ஆயுள்.
அதற்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

முதலில் குடும்பத்து எழுத்து.
என் என்றால் இருவர்; டெல்டா என்றால் நால்வர்,
மின்னூட்டத்தில் மட்டும் வேறானவர்கள்.
விந்தைக் குவார்க் ஒன்று கலந்தால் லாம்டா, இல்லையேல் சிக்மா;
இரண்டென்றால் ஸை; மூன்றும் அதுவே என்றால் ஒமேகா.
பிறகு அடைப்புக்குறிக்குள் நிறை.
பிறகு சுழற்சி.
கண்ணாடி உலகத்தில் குறி மாறுமா மாறாதா என்பதற்கு
தோளில் ஒரு கூட்டலோ கழித்தலோ.

முன்பு பி-பதினொன்று, டி-பதின்மூன்று என்றார்கள்.
எந்த அலையில் அகப்பட்டதோ அந்த அலையின் பெயர்,
மீனுக்கு வலையின் பெயரை வைத்ததுபோல.

என் 1440-ஐப் பாருங்கள்.
நுணுகித் தேடினால் துருவம் 1370 பக்கம் கிடைக்கிறது.
கணக்குப்படி 1535-க்கு மேல்மாடியில் இருக்கவேண்டியது,
கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறது.
பெயரை யாரும் மாற்றவில்லை.
பள்ளிச் சான்றிதழில் ஏறிவிட்ட பிறந்தநாளை
யார் போய்த் திருத்துவது?

என்னை இங்கே ஃப்ராவ் ஏகாம்பரம் என்கிறார்கள்.
அது என் அம்மா.
படிவத்தில் குடும்பப்பெயர் என்றொரு கட்டம் இருந்தது,
தலைப்பெழுத்தை விரித்து எழுதினேன், தலையெழுத்து.
ஏகாம்பரம் இந்நேரம் ஆற்காட்டில்
பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் உண்டு.
நான்கென்றால் ஐயமில்லை.
ஒன்றென்றால், யாரோ ஒருவர் பார்த்ததாகச் சொல்கிறார்.
பெண் பார்க்க வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்:
என்ன நட்சத்திரம்?

என்னுடையது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில்
ஒரு சின்ன மேடு.
அகலமானது, பக்கத்து முகட்டின்மேல் சாய்ந்துகொண்டது.
மூன்று வருடம் அதற்கு ஒற்றை நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இன்றிரவு, சும்மா, அதை எடுத்துவிட்டு
மற்றவற்றை மட்டும் வைத்துப் பொருத்தினேன்.
புள்ளிகளின் ஊடே வளைகோடு போயிற்று
யாரும் குறையாத வீட்டைப்போல.

இன்னொரு முறை ஓட்டினேன்.
இன்னொரு முறை.

ஆறு மணிக்கு ஹைகே வந்தாள், ரொட்டிப் பையோடு.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
பெயர் ஏதாவது வைத்திருந்தாயா என்றாள்.
வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.

மழை விடவில்லை.
இந்தக் குடை யாருடையது, எடுத்துப் போகலாமா என்றேன்.
உன்னுடையதுதானே என்றாள்,
பிடியில் சீட்டு ஒட்டியிருக்கிறதே,
ஏகாம்பரம் என்று.