துன்ஜாய் கொடுத்த பதினைந்து நாள்

"பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள்,
பதினைந்து நாள் வரை பேச்சே இல்லை"
என்றார் கார்ஸ் நகரத்துக் கண்ணாடிக்கடை துன்ஜாய்.
வெயில் பட்டால் கறுக்கும்,
உள்ளே வந்தால் வெளுக்கும்.
எனக்கு மைனஸ் ஐந்தரை.
இரண்டு ஜோடி வைத்திருந்து
ஒன்றை எப்போதும் யாருடைய தொழுவத்திலாவது
விட்டுவிட்டு வரும் மாட்டு டாக்டர்.
வாங்கிவிட்டேன்.

கடைவாசலிலேயே நின்று பார்த்தேன்.
கூரைகள், தெரு, அதற்கப்பால் சமவெளி,
எல்லாம் பனி, எல்லாம் ஊசி.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
வெந்நீரில் தேயிலை இறங்குவதுபோல்
மெல்ல நிறம் இறங்கியது.
புருவத்தின் முடிச்சு தானாக அவிழ்ந்தது.
நல்லதுதான் என்று
வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாம் நாள்,
சூசுஸ் போகிற சாலை.
எதிர்வெயில், இருபக்கமும் பனி,
முன்னால் போகும் லாரியின் தகர முதுகு.
கண்ணாடி மட்டும்
பச்சைத் தண்ணீராகச் சும்மா இருக்கிறது.
ஓரமாக நிறுத்திப் போன் போட்டேன்.
"ஜீப்பின் முன்கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் டாக்டர்,
இதற்குச் சேதி போய்ச் சேராது."
முன்பே சொல்லியிருக்கலாமே.
"நீங்கள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லையே."

குளிரைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் மைனஸ் இருபத்திரண்டு.
ஜீப் ஏறாத சரிவு.
யக்கூப்பின் தொழுவம்வரை
முட்டளவு பனியில் ஏறி ஓடினேன்.
உள்ளே ஒற்றை பல்பு.
குளிர் ஏற ஏற அது அதிகமாய்க் கறுக்குமாம்,
வெளுக்க அடம்பிடிக்குமாம்.
போதாதற்கு
மாடுகளின் மூச்சு பட்டு ஆவி படிந்தது.
கன்றின் ஒரு கால் வெளியே வந்துவிட்டது என்கிறார்கள்.
எனக்குப் பசுவே ஒரு மேடு.

"இப்போதா டாக்டர் கறுப்புக்கண்ணாடி?"
என்றாள் யக்கூப்பின் மனைவி சுல்பியே.

கழற்றினேன்.
வைக்க இடமில்லை.
அவள் வாங்கித் தன் ஸ்வெட்டர் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.
இப்போது எல்லாமே ஊறிய சோப்பு.
தோள்வரை கையை விட்டேன்.
குளம்பு.
அதற்கு மேலே முழங்கால்,
இல்லை, மடங்கிக் கிடக்கும் இன்னொரு கால்.
மூக்கு.
வாய்க்குள் விரலை வைத்தேன்,
உறிஞ்சியது.
உயிர் இருக்கிறது என்று கத்தினேன்,
யாரைப் பார்த்துக் கத்தினேனோ.
கயிற்றைக் கட்டி
அவள் முக்கும்போது இழு, விடும்போது விடு,
நாற்பது நிமிடம்
கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்தேன்.
திறந்திருந்தாலும் அதே இலட்சணம்தான்.

கன்று வைக்கோலில் வழுக்கி விழுந்தது.
சுல்பியே கண்ணாடியை நீட்டினாள்.
முழுக்க வெளுத்திருந்தது,
ஒன்றும் அறியாத பிள்ளைபோல.
போட்டுக்கொண்டேன்.
கன்றின் இடது காதில் வெள்ளைப் புள்ளி.
சுல்பியே அழுதிருந்தாள்,
அதுவும் அப்போதுதான் தெரிந்தது.

பதினோராம் நாள் ஒரு கிழட்டு எருமைக்காரர் சொன்னார்:
கண்ணைக் காட்டாமல் ஊசி போடுகிறவரை
என் எருமை நம்பாது.
எருமையா, நீங்களா என்று கேட்டேன்.
பதில் இல்லை.

பதினான்காம் நாள்
ஜீப்பை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தேன்.
நல்ல வெயில்.
நிறம் இறங்கியது, பனி பட்டுத்துணியானது.
அந்தச் சுகத்தை
இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும்.
வேண்டுமென்றே
இரண்டு தெரு சுற்றிப் போனேன்.

"என்ன முடிவு?"
மேசையில் வைத்தேன்,
இன்னும் கறுப்பாகவே இருந்தது.
"சாதா வில்லை மாற்றுங்கள்.
மேலே கொக்கிபோல் மாட்டுகிற கறுப்பு ஒன்று வருமே,
அதுவும்.
எப்போது இருட்டலாம் என்பதை
என் விரல் பார்த்துக்கொள்ளும்."

"அதைத் தொலைப்பீர்களே."

தொலைப்பேன் என்றேன்.
ஒரு கயிறும் கொடுங்கள்.