டிரைவருக்குச் சொல்ல வேண்டாம்

முதலில் முள் குதித்தது.
காளவாசல் சிக்னலில் பூஜ்யம்.
பழங்காநத்தம் ரவுண்டானா வருமுன்
இருபது, அறுபது, ஒன்பது,
தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போல.
பக்கத்தில் ஒரு டவுன் பஸ்
எங்களைச் சாவகாசமாக முந்திப்போனது.

ஐம்பத்து நான்காம் வருஷத்து மோரிஸ் மைனர்.
வேகம் காட்டும் வட்டத் தட்டு
ஸ்டியரிங்குக்கு நேரே இல்லை, நடுவில் இருக்கிறது.
ஓட்டுகிறவருக்கும் பக்கத்து சீட்டுக்கும்
ஒரே கணக்கு.
என் வீட்டுக்காரர் தவசி ரோட்டைப் பார்ப்பார்,
நான் தட்டைப் பார்ப்பேன்.
கூட்டுறவுச் சங்கங்களின் பேரேட்டைத்
தணிக்கை செய்கிற உத்தியோகம் எனக்கு.
ஆடுகிற எண்ணைக் கண்டால் தூக்கம் வராது.

“முள்ளு ஆடுச்சுன்னா மீட்டர் மேல பழி போடாதீங்க.
முதல்ல கேபிளக் கழட்டுவோம்” என்றார் தஸ்தகீர்,
வில்லாபுரத்தில் ஒரு வேப்பமரமும்
இரண்டு ஜாக்கியுமாக ஷெட் வைத்திருப்பவர்.
கியர்பாக்ஸில் திருகைத் தளர்த்தி
உறைக்குள்ளிருந்து உருவினால்
காய்ந்து கிடக்கிறது கம்பி,
ஓரிடத்தில் முழங்கை மடக்கி.
மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் தடவினோம்.
“மேல்நுனியில வேணாம், மீட்டருக்குள்ள ஏறிரும்.”
புதுக்கம்பி வாங்காமலே
வளைவை அகலமாக்கிப் பூட்டினார்.

முள் பூனைபோல் நகர்ந்தது.
தவசிக்கு விஷயம் அதோடு முடிந்தது.
எனக்கு முடியவில்லை.
ஒழுங்காகத் தெரிகிற கணக்கைத்தான்
இரண்டாம் தரம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு விடியல். தவசி தூங்குகிறார்.
ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோடு,
இடப்பக்கம் படுத்திருந்த யானைமலை
மெல்லப் பின்வாங்குகிறது.
நான் ஓட்ட, தஸ்தகீர் கையில் செல்போன் கடிகாரம்.
மைல் கணக்கில் நாற்பதில் முள்ளை நிறுத்தினேன்.
கல்லிலிருந்து கல், ஒரு கிலோமீட்டர்,
எழுபத்திரண்டு விநாடி.
நாற்பதுக்கு ஐம்பத்தாறு போதும்.
ஆக, ஓடுவது முப்பத்தொன்று.

டயர் சின்னதோ என்று பத்துக் கல் ஓட்டினோம்.
தூரம் எண்ணும் பல்சக்கரம்
ஆறே கால் மைல் என்றது, நாணயமாக.
சக்கரம் மேல் குற்றமில்லை.
முள் மட்டும் பொய்.

மீட்டரைத் திறந்தோம்.
சுழல்கிற காந்தம் ஒன்று,
அதன்மேல் கவிழ்த்த அலுமினியக் கிண்ணம்.
இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை.
நடுவில் இருக்கும் காற்றுக்குள்தான் அத்தனை இழுபறியும்.
கிண்ணம் மீறாமல் பிடித்துக்கொள்ள
தலைமயிர் கனத்தில் ஒரு சுருள்.
அது தானாகத் தளரவில்லை,
யாரோ பிடியை நகர்த்தியிருக்கிறார்கள்.
தட்டின் முதுகில் பென்சில் எழுத்து,
சாய்ந்த, நிதானமான கை:

“முப்பதுக்கு நாற்பது காட்டும்.
டிரைவருக்குச் சொல்ல வேண்டாம்.
12-3-61.”

தஸ்தகீர் சிரித்துச் சிரித்து இருமினார்.
யாருக்கு யார் மேல் பயமோ.
அந்த டிரைவர் கடைசிவரை
தன்னைச் சூரன் என்றே நினைத்திருப்பார்.
“சரி பண்ணிரவா, அக்கா?”
கையில் ஸ்க்ரூடிரைவர்.

போன மாசம் திருமங்கலம் ரோட்டில்
ஒரு மணல் லாரியைத் தவசி முந்திய விதம்
நினைவுக்கு வந்தது.
“மூடிருங்க” என்றேன்.
இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில்
ஆட்சேபணை எழுதாமல் நான் விட்ட முதல் பொய்.

சாயந்திரம் நத்தம் ரோடு.
“பாத்தியா, அம்பது! கிழவி பறக்குறா.”
பறக்கிறாள்தான் என்கிறேன்,
கல்லுக்குக் கல் வாய்க்குள் விநாடி எண்ணிக்கொண்டு.
ஒரு ஸ்கூட்டி எங்களைத் தாண்டுகிறது,
பின்சீட்டில் கீரைக்கட்டு.
தவசி தலையை ஆட்டுகிறார்:
“அந்தப் புள்ளைக்கு அப்படி என்ன அவசரம்,
எழுபதுல போகுது.”