உள்ளூர் முகவரி

பாரதீப்பில் ஒன்பது ராத்திரி.
முந்த்ராவில் ஆறு.
விசாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏறி
கிரேன் வேலை நின்றதால் ஏழு.
அறை வாடகை கம்பெனியுடையது,
தூக்கம் என்னுடையது,
ஆகவே புள்ளிகள் எனக்கே என்று
யாரோ ஒரு புண்ணியவான் விதி எழுதியிருக்கிறான்.

மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி என்று
செல்போன் சிணுங்கியபோது
மார்க்கெட் பக்கத்து அடகுக் கடையில் நின்றிருந்தேன்.
வளையல் கம்பிக்கு அந்தப் பக்கம் போனது.
திரையில் எழுத்து மின்னியது:
தங்க உறுப்பினரே, வணக்கம்.

எந்த ஊரிலும் ஒரு இரவு இலவசம்.
கோவா என்றான் அற்புதராஜ்.
ரயில் கட்டணம் பார்த்துவிட்டு
மாமல்லபுரம் என்றான்.
பையனுக்குப் பரீட்சை.
ஐஸ் பேக்டரியில் அரை நாள்தான் லீவு.
கடைசியில்
தண்டையார்பேட்டையிலிருந்து மூன்று கிலோமீட்டர்,
துறைமுகச் சுவருக்கு எதிரே
போன வருஷம் முளைத்த பதினோரு மாடி.
"ஓசியா?" என்று மாமியார் இரண்டு முறை கேட்டார்.
ஷேர் ஆட்டோ எங்களைக்
கண்டெய்னர் லாரி வரிசையின் வாலில் இறக்கிவிட்டது.

கவுண்டர் பையன் ஆதாரைத் திருப்பிப் பார்த்தான்.
"உள்ளூர் முகவரிக்கு ரூம் தர்றதில்லை மேடம்.
ரூல்ஸ்."
இருந்த ஒரே பையை மார்போடு அணைத்து
களவாடி மாட்டியவன் போல நின்றான் அற்புதராஜ்.
கல்யாணமாகிப் பதினான்கு வருஷம்.
"பாரதீப்பில் கேட்கலையே" என்றேன்.
"அங்க நீங்க வெளியூரு."
தங்கத்தை நீட்டினேன்,
அடகு போகாததை.
தட்டினான், நிமிர்ந்தான், மறுபடி தட்டினான்.
பிறகு குரல் தணிந்து,
"மேட்டுத் தெருவா? நான் அதுக்குப் பின்னாடி சந்து.
உங்க பக்கம் குழாய்ல தண்ணி வருதாக்கா?"
மேடம் எங்கே போனாள் தெரியவில்லை.
"பதினோராவது மாடி போட்டிருக்கேன்.
கடல் பார்த்த ரூம்."

கடல் பார்த்த அறையிலிருந்து
முதலில் தெரிவது கிரேன்கள்.
நாலாம் நம்பரின் பிரேக் நான் மாற்றியது.
அதற்கும் பின்னால்
துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி
கொஞ்சம் கடல்.
குளியலறை ஜன்னலில்
மணலிச் சுடர் நின்று எரிந்துகொண்டிருந்தது.

தொட்டியைக் கண்ணால் அளந்தான் அற்புதராஜ்.
"பன்னெண்டு குடம்."
நிரப்பினான். குளித்தோம்.
வடிய விட மனம் வராமல்
இரவெல்லாம் அந்தத் தண்ணீரை
அப்படியே வைத்திருந்தான்.

விளக்கை அணைக்க எட்டு சுவிட்ச்.
ஏழை அணைத்தால் இரண்டு எரிந்தது.
சத்தம் போட்டுச் சிரித்தோம்,
சுவருக்கு அந்தப் பக்கம்
எங்களுக்குத் தெரிந்த யாரும் இல்லை.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.
அந்த ஓரம் அவன், இந்த ஓரம் நான்.
நடுவில் பையன் படுக்கிற அளவுக்கு
மடிப்புக் கலையாத வெள்ளை.
முந்த்ராவிலும் விசாகப்பட்டினத்திலும்
இப்படித்தான்
கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டு
தூங்கியிருக்கிறேன் போல.
உருண்டு போய் அந்த இடத்தில் படுத்தேன்.
தூக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டான்,
வந்தது பையன் என்று நினைத்து.

தங்கத்துக்கு மதியம் இரண்டு மணி வரை
அறையில் இருக்க உரிமை உண்டு.
பன்னிரண்டுக்கு அவனுக்கு ஷிப்ட்.
பத்தே காலுக்குக் கிளம்பிவிட்டோம்,
இரண்டு சோப்பு, ஒரு ஜோடி வெள்ளைச் செருப்போடு.
இலவச இரவுக்குப் புள்ளி கிடையாதாம்.
அடுத்த இரவுக்கு
இன்னும் இருபத்திரண்டு என்றது போன்.
ஏப்ரல் நாலாம் தேதி காக்கிநாடா.

லாரிகளுக்கு நடுவே புகுந்து நடக்கையில்
அற்புதராஜ் கேட்டான்:
"விடிய விடிய ஐஸ் உடைக்கிறேனே,
எனக்கு எவன்டி குடுப்பான் பாயிண்டு?"
பதில் சொல்வதற்குள்
ஒரு லாரி ஹாரன் அடித்தது.